நாடற்றோருக்கு நாடு தேடித் தந்த தொண்டமான்

ஒரு மனிதர் ஓர் ஊரில் எத்தனை வருஷம் வாழ்ந்தால் அந்த ஊர்க்காரர் ஆவார்? பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார். சட்டப் புத்தகத்தைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும்.

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவர் பொதுவாக 5 வருஷம் காத்திருந்து பிரஜாவுரிமை கேட்கலாம். வெளிநாட்டார் ஒருவர் இந்தியப் பிரஜை ஆவதற்கு, பொது விதிப்படி மொத்தம் 12 வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். காலம் நீண்டதுதான். ஆனாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. நாளை எண்ணிக்கொண்டு பொறுமையாய் இருக்கலாம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. பாட்டன் காத்திருந்தான். மகன் காத்திருந்தான். பேரனும் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பை முடித்து வைப்பதற்காகத் தம் வாழ்நாளில் 50 வருஷத்துக்கு மேல் செலவிட்டவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

கடல் தாண்டிய குடும்பம்

தொண்டமான் 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பிறந்தார். அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், திருப்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூர் அவருடைய பிறந்த ஊர். தந்தையார் பெயர் கருப்பையா.

கருப்பையா வறுமையால் ஊரை விட்டு இலங்கைக்குப் போனவர். அவருக்கு முன்னும் பின்னும் ஆயிரம் ஆயிரம் பேர் அப்படிப் போனார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களில் மழை பொய்த்த போதெல்லாம் கங்காணிகள் கிராமங்களுக்கு வந்தார்கள். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள் கணக்கில் நடந்து மாத்தளைக்குப் போய்ச் சேர வேண்டும். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

அவர்கள்தான் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். நோய் தாக்கிக் காப்பி அழிந்த பிறகு தேயிலை நட்டார்கள். இலங்கையின் செல்வத்துக்கு அந்தத் தேயிலையே அடிப்படை ஆயிற்று. நட்டவர்கள் குடியிருந்ததோ லயம் என்ற வரிசை வீடுகளில். ஒரே அறை, அதற்குள் ஒரு குடும்பம்.

கருப்பையாவின் கதை மட்டும் வேறு விதமாய் முடிந்தது. அவர் கங்காணியாகி, பணம் சேர்த்து, இறம்பொடைப் பக்கத்தில் வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். சிறுவன் சௌமியமூர்த்தி கம்பளை நகரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் படித்தான்.

தோட்டச் சொந்தக்காரர் மகனுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் விரும்பியிருந்தால் பங்களாவில் சுகமாய்க் காலம் கழித்திருக்கலாம். ஆனால் தொழிலாளரின் லயங்களும் அவர் கண்ணுக்கு எதிரேதான் இருந்தன.

தொழிலாளர் தலைவர்

1939-ம் ஆண்டு ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். அங்கே பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளியினரை ஒன்று சேர்த்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதன் கம்பளைக் கிளைக்குத் தொண்டமான் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 26 கூட நிரம்பவில்லை.

தோட்டங்களில் சங்கம் வைப்பது அன்று லேசான வேலை அல்ல. துரைமாரின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாது. சங்கத்தில் சேர்ந்தவனுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். அந்த நிலையிலும் சங்கம் வளர்ந்தது. 1945-ம் ஆண்டு தொண்டமான் காங்கிரசின் தலைவரானார்.

முதலாளி ஒருவர் தொழிலாளிக்குத் தலைவராகலாமா என்று அன்றும் கேட்டார்கள், பின்னரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை. அவர் வாதம் செய்து பதில் சொன்னதைவிட, வேலை செய்து பதில் சொன்னதே அதிகம்.

1947-ம் ஆண்டு பொதுத் தேர்தல் நடந்தது. தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளிலிருந்து 7 தமிழர்கள் பார்லிமெண்டுக்குப் போனார்கள். நுவரெலியாத் தொகுதியில் வென்ற தொண்டமான் அவர்களில் ஒருவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தமிழரின் ஓட்டுகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன.

இந்த வெற்றியே வினையாகவும் முடிந்தது.

பறிபோன உரிமை

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயகாவின் சர்க்கார் ஒரு பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நவம்பர் 15-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்தவனுக்குத் தன் பிறப்புக்கே பல நேரம் பத்திரம் இல்லை. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்துக்கு அவன் எங்கே போவான்?

1946-ம் ஆண்டு ஜனக் கணக்குப்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். இலங்கையில் வாழ்ந்த நூறு பேரில் கிட்டத்தட்ட 12 பேர் அவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டில் ஓட்டுரிமையும் போயிற்று.

தமிழ்த் தலைவர்களுக்குள்ளும் இதனால் பிளவு உண்டாயிற்று. ஜி. ஜி. பொன்னம்பலம் சர்க்காரில் மந்திரியாகச் சேர்ந்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை எதிர்த்து விலகி, 1949 டிசம்பரில் புதிய கட்சியைத் தொடங்கினார். மலையக மக்களின் உரிமை பறிபோனதே அந்தப் பிரிவுக்கு முக்கிய காரணம்.

7 வருஷமா, 10 வருஷமா?

1949-ம் ஆண்டு சர்க்கார் ஒரு சிறு வாசலைத் திறந்தது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். நீண்ட காலம் இலங்கையில் குடியிருந்தவர்கள் விண்ணப்பம் போடலாம் என்றது அது. வாசலின் மேல் பல நிபந்தனைகள் தொங்கின.

கலியாணம் ஆனவர் 1946 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் 7 வருஷம் தொடர்ந்து இலங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். கலியாணம் ஆகாதவர் 10 வருஷம் குடியிருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் விண்ணப்பம் போடும் நாள் வரை அங்கேயே இருந்திருக்க வேண்டும். மனைவியும் சிறு பிள்ளைகளும் உடன் வசித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிழைப்புக்கு வழி இருப்பதையும் நிரூபிக்க வேண்டும். 2 வருஷ காலத்துக்குள், அதாவது 1951 ஆகஸ்டு 5-ந் தேதிக்குள், எல்லாம் முடிந்தாக வேண்டும்.

குடியிருந்த காலத்துக்குக் குறைவில்லை. 20 வருஷம், 30 வருஷம் என்று குடியிருந்தவர்களே அதிகம். தொடர்ந்து என்ற ஒரு சொல்தான் குடும்பங்களை வாட்டியது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கணக்கு.

பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போன பெண் கைக்குழந்தையுடன் உடனே கடல் தாண்ட முடியுமா? நோயில் கிடந்த தாயைப் பார்க்க வந்த மகன், காரியம் முடித்து, காணித் தகராறு தீர்த்துத் திரும்ப நாள் ஆகாதா? வீட்டில் யாவரும் அறிந்த இந்தக் காரணங்கள் அதிகாரியின் மேஜைக்கு முன் குற்றங்களாக நின்றன.

பெயர்களும் பகையாயின. தோட்டத்துச் செக்ரோலில் ராமசாமி என்று இருக்கும். பிறப்புப் பதிவில் ராமன் என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யார் சாட்சி சொல்வது? எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தன் பெயர் எந்தத் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது.

இந்தச் சட்டம் அநியாயமானது என்று தொண்டமானும் தோழர்களும் கருதினார்கள். அதனால் முதலில் விண்ணப்பம் போட வேண்டாம் என்றே காங்கிரஸ் முடிவு செய்தது. அதற்குள் விலைமதிப்பில்லாத மாதங்கள் ஓடிவிட்டன. கெடு நெருங்கியபோது அந்த முடிவு மாறியது. பிறகு இரவு பகலாக வேலை நடந்தது. லயம் லயமாகப் போய்ச் சங்க ஊழியர்கள் தாள்களை நிரப்பிக் கொடுத்தார்கள்.

கெடுவுக்குள் குவிந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம் பேருடைய பெயர்கள் இருந்தன. விசாரணை ஒன்றிரண்டு வருஷத்தில் முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் நீண்டது. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தான். 6 பேர் வாசலுக்குப் போனால் ஒருவரே உள்ளே போனார். மற்ற 5 பேரும் திரும்பி வந்தார்கள்.

சத்தியாக்கிரகம்

1952-ம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் பெயர்கள் ஓட்டர் பட்டியலில் இல்லை. ஏப்ரல் மாதம் தொண்டமான் தலைமையில் கொழும்பு நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பிரதம மந்திரியின் அலுவலகத்துக்கு முன் தொண்டர்கள் அமர்ந்தார்கள். அடியும் வசையும் பட்டும் அமைதி காத்தார்கள். பல மாதங்கள் இது நடந்தது. உரிமை திரும்பவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளி வாய் பேசாதவன் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953-ம் ஆண்டு அங்கேயும் தோல்வியே கிடைத்தது.

1947-ல் 7 பேரை அனுப்பிய மக்கள், 1952-ல் ஒருவரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பின்னர் 1960-லும் 1965-லும் தொண்டமான் பார்லிமெண்டில் அமர்ந்தார். ஓட்டுப் பெற்று அல்ல, நியமனம் பெற்று. தம் மக்களுக்கு ஓட்டு இல்லாத இடத்தில் அவர்களுக்காகப் பேசும் ஒரு குரலாக அவர் இருந்தார்.

ஓட்டு இல்லாதது மட்டுமா? பிரஜாவுரிமை இல்லாதவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் இல்லை. சர்க்கார் நிலம் பங்கிடும்போது பங்கு இல்லை. வெளிநாடு போகப் பாஸ்போர்ட் இல்லை. பெற்ற பிள்ளைக்கும் அதே நிலை. கள்ளத்தோணி என்ற ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

தலைக்கணக்கு ஒப்பந்தம்

நீண்ட காலம் அங்கே வாழ்ந்தவர்கள் இலங்கையின் மக்களே என்பது நேருவின் நிலை. 1964 மே மாதம் நேரு காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, பிரதம மந்திரிகளான லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு எடுத்தார்கள். அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம். இதுவே ஒப்பந்தம். 1974-ம் ஆண்டு அந்த மீதியையும் இரண்டு நாடுகளும் 75 ஆயிரம், 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டன.

பாகம் பிரிக்கப்பட்டவர்கள் மனிதர்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்டமான் மனம் பொறுக்காமல் எதிர்த்ததும் இதனால்தான். எங்கே வாழ்வது என்பதை வாழ்கிறவனே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒப்பந்தத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. 7 பேர் இந்தியாவுக்குப் போனால்தான் 4 பேருக்கு இலங்கையில் பிரஜாவுரிமை. ஆகவே ஒரு வீட்டார் கப்பல் ஏறும் வரை அடுத்த வீட்டார் காத்திருக்க வேண்டி வந்தது. இலங்கையிலேயே இருக்க விரும்பி மனுப் போட்டவர்களோ 3 லட்சத்தை விட மிகவும் அதிகம்.

தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்களை வழியனுப்ப மலைநாட்டு ஸ்டேஷன்களில் கூட்டம் கூடும். அண்ணன் போவான், தம்பி நிற்பான். மகள் போவாள், தாய் நிற்பாள். மலைநாட்டில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது.

கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களைத் தமிழ்நாட்டில் தாயகம் திரும்பியோர் என்று அழைத்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. தேயிலை நட்டுப் பழகிய கைகள் இங்கேயும் தேயிலையே நட்டன. தாயகம் என்று பெயர் இருந்தாலும், அவர்களில் பலருக்கு அது முன்பின் பார்த்திராத நாடு.

30 வருஷத்துக்குப் பிறகு

1970-க்குப் பிந்திய வருஷங்கள் மலைநாட்டுக்குப் பொல்லாத காலம். தோட்டங்கள் அரசாங்க உடைமை ஆயின. பஞ்சம் வந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977-லும், பிறகு 1983-லும் கலவரத் தீ லயங்களையும் எரித்தது.

1972-ல் தமிழ்க் கட்சிகள் ஒன்று கூடியபோது, தலைவர் மூவரில் தொண்டமானும் ஒருவர். 1976-ல் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது அவர் அதில் சேரவில்லை. வடக்கே, கிழக்கே தனிநாடு அமைந்தாலும், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் தோட்டத் தொழிலாளிக்கு அதனால் என்ன வரும் என்று அவர் எண்ணினார். அவர்களுக்கு அங்கேயே, அந்த மண்ணிலேயே உரிமை வேண்டும்.

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்றார். மக்கள் ஓட்டால் அவர் பார்லிமெண்டுக்குப் போனது 30 வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். 1978-ல் ஜெயவர்த்தனா மந்திரி சபையில் மந்திரியானார். அதிலிருந்து சாகும் நாள் வரை, ஆட்சிகள் மாறினாலும் அவர் மந்திரியாகவே இருந்தார்.

உரிமை பறித்த கட்சியோடு சேரலாமா என்று பலர் ஏசினார்கள். வெளியே நின்று 30 வருஷம் கத்தியாயிற்று, உள்ளே போய்ச் சாதித்துப் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். மந்திரியான பிறகும் அவர் வேலைநிறுத்தத்தைக் கைவிடவில்லை. 1984-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் கிடைத்தது.

பிரார்த்தனையால் வென்ற போர்

1984-ல் சண்டையின் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் போக முடியவில்லை. அவர்கள் போகாததால் இங்கே நிற்பவர்களுக்கும் விடிவு இல்லை.

தொண்டமான் கணக்கைக் கையில் எடுத்தார். இரண்டு ஒப்பந்தங்களின்படி இந்தியாவின் பங்கு மொத்தம் 6 லட்சம். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டவர்கள் 5 லட்சத்து 6 ஆயிரம். மீதி 94 ஆயிரம் பேர் இந்தியாவைக் கேட்கவே இல்லை. அவர்களை இனி எங்கே அனுப்புவது?

1986 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் திருநாள். அன்று முதல் தோட்டத் தொழிலாளர்கள் காலையில் மலைக்குப் போகவில்லை. கோயில்களில் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். நண்பகல் வரை வழிபாடு. அதன் பின் வேலைக்குத் தயார். வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. சாமி கும்பிடுவதை யார் தடுப்பது? ஆனால் கொழுந்து பறிக்க ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் முற்றத் தொடங்கின.

சர்க்கார் சீக்கிரத்திலேயே இறங்கி வந்தது. 94 ஆயிரம் பேருக்கும் பிரஜாவுரிமை தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் அதற்குச் சட்டம் வந்தது. 1988-ம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. இந்தியாவுக்கு மனுப் போடாத மற்றவர்களும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துப் பிரஜை ஆகலாம் என்றது அது. கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை இப்போது யாரும் கேட்கவில்லை.

1948-லிருந்து 1988 வரை எண்ணிப் பாருங்கள். 40 வருஷம்!

அக்டோபர் 30

1999 அக்டோபர் 30-ந் தேதி தொண்டமான் காலமானார். அவருக்கு வயது 86. அவர் எதிர்த்து நின்ற சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 35 வருஷம் ஆகியிருந்தது.

அப்போதும் சிலர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டுக் கப்பல் இல்லாமல் தங்கிப் போனவர்களும், அவர்கள் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். 2003-ம் ஆண்டு இலங்கைப் பார்லிமெண்டு அவர்களுக்காக ஒரு சட்டம் செய்தது. எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. 1964 அக்டோபர் 30-ந் தேதி முதல் இலங்கையில் குடியிருந்தவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகள் என்றது அந்தச் சட்டம். மக்களைப் பிரித்த அதே தேதி, இப்போது அவர்களைச் சேர்க்கும் தேதியாயிற்று.

தொண்டமானிடம் குறை கண்டவர்கள் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடும் காணியும் அவர் காலத்தில் கிடைத்து முடியவில்லை. லயத்து வாழ்வும் ஒழியவில்லை. முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று எடுத்த முடிவால் இழந்த காலமும் திரும்பி வரவில்லை. ஆனால் பிரஜாவுரிமை என்ற அஸ்திவாரம் இல்லாமல் அந்த வீட்டைக் கேட்கவும் முடியாது. கேட்பவன் அந்த நாட்டுக்காரன் ஆன பிறகே அவன் குரலுக்கு மதிப்பு.

குடியேறி வந்தவர்களை ஒரு நாடு காத்திருக்கச் சொல்வதில் தவறில்லை. இத்தனை வருஷம் என்று சொல்லி, அந்த வருஷம் முடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும். உழைப்பை வாங்கிக்கொண்டு உரிமையைத் தள்ளிப் போடும் நாடு, பல தலைமுறைகளின் வாழ்வை வீணாக்கிவிடும். மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளில் அப்படி வீணான வருஷங்கள் ஏராளம். இன்னும் வீணாகாமல் அவற்றுக்கு முடிவு தேடியவர் என்ற பெருமை தொண்டமானுக்கு என்றும் உரியது.